மருந்து இறங்குற நேரம்

சன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஆகாது. அந்தப் பையில மெடிக்கல்ஸ்னு போட்டிருக்கே, உங்க கடையா? திண்டுக்கல்லயா? அப்பச் சரியாப் போச்சு. சாமியாப் பாத்துத்தான் உங்களை என் பக்கத்துல உக்கார வச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம் கேக்கணும், மருந்து சம்பந்தமாத்தான். டாக்டர்மாருட்ட கேட்டா கேள்வியை முடிக்கவே விடமாட்டேங்குறாங்க.

ஆனா மொட்டையாக் கேட்டா உங்களுக்கு விளங்காது. முதல்லருந்து சொன்னாத்தான் நியாயம் யாரு பக்கம்னு தெரியும். கொடைரோடு வர்றதுக்குள்ள சொல்லிருவேன்.

எனக்கு ராஜபாளையம். மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டையர் ஆனவன். ஷிப்டுக்கு அறுபது பொம்பளைங்க என் கைக்குக் கீழ. வயித்துவலி, தலைவலின்னு வந்து நிப்பாளுங்க. எது நெசம், எது வேலைக்கு டிமிக்கின்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். ஒரு தடவை கூடத் தப்புனதில்ல. ஒருத்தி மட்டும் மிஷினுக்குப் பக்கத்துலயே சுருண்டு விழுந்துட்டா, குடல்வால் வெடிச்சிருச்சுன்னாங்க. அது வேற விஷயம்.

இன்னொண்ணு, மலைக்குப் போற எங்க குழுவுக்கு நான்தான் குருசாமி. கார்த்திகை பொறந்தா என் கையால மாலை போட்டாத்தான் எங்க தெருவுல பாதிப் பேருக்குத் திருப்தி. கட்டுநிறையும் எங்க வீட்லதான். இருமுடி கட்டி, அன்னதானம் போட்டு, எங்க வாசல்லருந்தே வேன் ஏறுவோம். ஏன் எங்க வீட்லங்குறீங்க? மத்த வீட்ல வயசுப் பொம்பளைங்க இருக்கும், மாசாமாசம் தீட்டுன்னு ஒதுங்கும். எங்க வீட்ல அந்தத் தொல்லை கெடையாது. என் சம்சாரத்துக்கு அதெல்லாம் நின்னு வருசக்கணக்காச்சு. ஒரே மக ஈஸ்வரி, அவளும் கல்யாணமாகித் திண்டுக்கல் வந்துட்டா. சுத்தமான வீடு. அந்தப் பேரைக் காப்பாத்துறது லேசுப்பட்ட காரியமில்ல தம்பி.

சம்சாரத்துக்குச் சீனியம்மான்னு பேரு. அவளைப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது. நான் பேசும்போது குறுக்க ஒரு வார்த்தை வராது. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அப்படித்தான். எல்லாம் அந்த மருந்து உள்ள போற வரைக்கும்.

போன கார்த்திகையில மாலை போட்டு ஒரு வாரம் இருக்கும். அடுப்படியில நின்னுக்கிட்டு, "ஏங்க, எனக்கு மறுபடியும் படுது"ன்னா. என்ன படுதுன்னேன். சேலையைக் காட்டுனா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாலை போட்ட வீடு, அதுலயும் குருசாமி வீடு. வெளிய தெரிஞ்சா என்னத்துக்கு ஆகும்? பின்னால விறகு அடுக்குற அறையில படுத்துக்கோ, யாருட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டேன். கேட்டவங்களுக்கு இடுப்புப் பிடிப்புன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலையான்னு நீங்க கேக்க வர்றது தெரியுது. மாலை போட்டவன் எப்படித் தம்பி பொம்பளை டாக்டர் முன்னால உக்காந்து என் சம்சாரத்துக்குத் தீட்டு வந்திருக்குன்னு பேசுறது? மாலையைக் கழட்டி வச்சிட்டுப் போயிருக்கலாம்னு இப்ப ஆளாளுக்குச் சொல்றாங்க. குருசாமியே பாதியில கழட்டுனா மத்தவன் எதை நம்பிப் போட்டுக்குவான்?

அவ அப்பவே சொன்னாளான்னா, சொன்னா. ஆனா சொல்ற மாதிரிச் சொல்லல. ஒடம்புக்கு நெசமாவே முடியலைன்னா அலறணும், இல்ல அழுகணும். இவ, நான் சோத்துத் தட்டை வாசல்ல வைக்கும்போது, "நிக்கவே மாட்டேங்குதுங்க"ம்பா. அம்புட்டுத்தான். அதை வச்சு நான் என்னத்தக் கண்டேன்?

இதுக்கு நடுவுல கட்டுநிறை வந்துருச்சு. சமைக்க ஒத்துக்கிட்டவன் வீட்ல சாவு விழுந்து, முந்தின நாள் கையை விரிச்சிட்டான். நாப்பது சாமிக்குச் சோறாக்கணும். ஆபத்துக்குப் பாவமில்லன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா, ஐயன் பொறுத்துக்குவான்னு நான்தான் சொன்னேன். வந்தா. காய் நறுக்குறதுலருந்து அண்டாவை இறக்குறது வரைக்கும் அவதான். நடுவுல நடுவுல பின்கட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தா. அன்னைக்கு வச்ச சாம்பார் மாதிரி என்னைக்கும் வாச்சதில்லன்னு தெய்வேந்திரனே சொன்னான். தெய்வேந்திரன்னா எங்க குழுவுல எனக்கு அடுத்த ஆளு, எலெக்ட்ரிக் கடை வச்சிருக்கான்.

தையில மலையிலருந்து வந்து பாத்தா, நின்னு போச்சுன்னா. பாத்தீங்களா, ஐயன் கைவிடலன்னு நினைச்சேன். அப்புறம் மறுபடி வந்திருக்கு. வந்ததை என்ட்ட சொல்லல, ஈஸ்வரிட்டச் சொல்லிட்டா. புருஷன்ட்ட மறைச்சு மகள்ட்ட சொல்ற பொம்பளையா அவ? அன்னைக்கே நான் உசாராகியிருக்கணும்.

ஈஸ்வரி பள்ளிக்கூடத்துல டீச்சர். லீவு போட்டுட்டு வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா, நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். கர்ப்பப்பையில புத்துநோய்ன்னுட்டாங்க. எவ்வளவு நாளா ரத்தம் படுதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இப்ப ஒரு மாசமாத்தான்னு சொன்னேன். சீனியம்மா என் மூஞ்சியவே பாத்தா. ஒண்ணும் சொல்லல. அதுதான் என் சீனியம்மா.

கர்ப்பப்பை, சினைப்பை, பக்கத்துல இருந்த நெறிக்கட்டி எல்லாத்தையும் எடுத்தாங்க. காலையில உள்ள போனவளைச் சாயங்காலம்தான் கொண்டாந்தாங்க. ரத்தம் நிறையப் போயி பிரஷர் இறங்கிருச்சுன்னு, வாயில குழாயைச் சொருகி ஐ.சி.யூ.வுல போட்டுட்டாங்க. மிஷின்தான் மூச்சு விட்டுச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன். மூஞ்சி வீங்கி, ஒதட்டுல பிளாஸ்திரி ஒட்டி, வேற யாரோ மாதிரி கெடந்தா. மாடிப்படியில போயி உக்காந்து அழுதேன் தம்பி, பொய் சொல்லல. உசுரோட குடுத்துருப்பா, மொட்டை போட்டுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். போட்டேன். இந்தா, இப்பத்தான் முடி வளர்ந்திருக்கு. ஒரு புருஷன் இதுக்கு மேல என்ன செய்வான்?

குழாயை எடுத்தாங்க. பேச ஆரம்பிச்சா பாருங்க. கட்டிலைச் சுத்திக் கறுப்பு வேட்டி கட்டுன சாமிங்க பந்தியில உக்காந்திருக்காங்களாம். இலை போட்டாச்சாம், சோறு பத்தலையாம். எந்திரிச்சு உலை வைக்கணும், விடுங்கன்னு ஊசிக்குழாயைப் பிடிச்சு இழுக்குறா. நர்சம்மா துணியால கையை லேசாக் கட்டி வச்சாங்க. சுவரைக் காட்டி, "சேலையில பட்டிருச்சு, யாராச்சும் பாத்துருவாங்க"ங்குறா. சுவர்ல ஒண்ணுமில்ல.

ஐ.சி.யூ. டாக்டர் ஒரு சின்னப் பையன். அவரு சொன்னாரு, "பெரிய ஆபரேஷன், காய்ச்சல், தூக்கமில்ல, மருந்து, எல்லாம் சேந்து புத்தி கொஞ்சம் தடுமாறும். இங்க நிறையப் பேருக்கு வரும், பயப்படாதீங்க, தெளிஞ்சிரும். பக்கத்துல நின்னு என்ன கிழமை, என்ன ஊருன்னு பேசிக்கிட்டே இருங்க. கையைப் பிடிச்சுக்குங்க." கேட்டுக்கிட்டீங்களா? மருந்துன்னு அவரு வாயாலயே சொன்னாரு. நானாக் கட்டிவிடல. கையைப் பிடிக்கிறதெல்லாம், அத்தனை பேரு பாக்குற இடத்துல எப்படி? பக்கத்துல நின்னேன்.

அப்புறம் தெளிஞ்சிட்டான்னு வார்டுக்கு மாத்துனாங்க. கிழமையைக் கேட்டாச் சரியாச் சொன்னா. பேத்திக்குப் பரீட்சை எப்படின்னு ஈஸ்வரிட்ட விசாரிச்சா. பாக்கத் தெளிவு மாதிரித்தான் இருக்கும். அதுதான் அந்த மருந்தோட சூது. வலிக்குன்னு ஊசி மட்டும் போயிக்கிட்டே இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து நம்ம குழு ஆளுங்க சாத்துக்குடி வாங்கிக்கிட்டுப் பாக்க வந்தாங்க. தெய்வேந்திரன் அவளுக்கு ஒரு தெம்பு வரட்டும்னு, "மதினி, வர்ற கட்டுநிறைக்கும் உங்க கைச் சாம்பார்தான்"னான்.

"போன தடவை சாப்பிட்டீங்களே தம்பி, அன்னைக்கு எனக்கு ரத்தம் போயிக்கிட்டே இருந்துச்சு. துணியை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுத்தான் ஆக்குனேன். இவருக்குத் தெரியும். வெளிய சொல்லாதன்னாரு. விறகறையிலதான் படுத்திருந்தேன், நீங்க மலைக்குப் போயி வர்ற வரைக்கும். அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் பரவியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அழுகல தம்பி. குரலை ஒசத்தல. சந்தையில என்ன விலைன்னு சொல்ற மாதிரிச் சொன்னா. பக்கத்துக் கட்டில்காரி கஞ்சி குடிக்கிறதை நிறுத்திட்டா. எனக்கு அந்த இடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரமாட்டோமான்னு இருந்துச்சு.

வெளிய வந்து தெய்வேந்திரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்ன குருசாமி இது. மாலையைக் கழட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே. ஐயன் கோவிச்சுக்கவா போறான்?" அப்படீன்னான். ஆஸ்பத்திரியில வச்சு வேற என்ன பேசுவான், ஒப்புக்குப் பேசுறான். உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? தீட்டுச் சோத்தைத் தின்னுட்டுப் பதினெட்டாம்படி ஏறுனோமேன்னுதான் அவன் மனசு கெடந்து அடிச்சிருக்கும். ஏப்பா, அது அவ இல்ல, மருந்து பேசுதுன்னேன். அவன் தலையை ஆட்டிக்கிட்டே போயிட்டான். அப்புறம் வரல. ஊரு வாயை மூட உலைமூடியா இருக்கு?

வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா மாத்திரையெல்லாம் எடுத்துவச்சு விளக்குனாங்க. வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீங்க, வேளாவேளைக்குக் குடுங்க, வலியில்லாம இருந்தாத்தான் எந்திரிச்சு நடப்பாங்க, மூச்சை இழுத்து விடுவாங்க, புண்ணு ஆறும்னாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். மருந்து என் பொறுப்புன்னு ஈஸ்வரிட்டயும் சொல்லி அனுப்பிட்டேன். ரத்தம் உறையாம இருக்க வயித்துல போடுற ஊசிக்குத் தெருவுல ஒரு நர்சுப் பொண்ணைப் பிடிச்சு ஏற்பாடு பண்ணுனேன். ஒரு நாள் தவறல. கிருமி மாத்திரை, மலம் இளக்குற மருந்து, இரும்புச் சத்து, ஒண்ணு தவறல. மில்லுல ஷிப்டு பாத்தவன் நான், நேரம் தப்புவேனா?

வலி மாத்திரை ஒண்ணை மட்டும் நிறுத்துனேன்.

அதுவும் பட்டுன்னு நிறுத்தல, அவ மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. சுண்ணாம்புச் சத்து மாத்திரை அதே வெள்ளை, அதே அளவு. அதை எடுத்து அந்த வேளைக்குக் குடுத்தேன். முதல் நாள் உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு, "வேற மாதிரி இருக்கே"ன்னா. கம்பெனி மாத்திட்டாங்கன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் தண்ணியை வாங்கி முழுங்கிட்டா.

நம்புனா நம்புங்க தம்பி, மறுநாளே பேச்சு நின்னு போச்சு. அதோட மருந்து பேசுனது முடிஞ்சுச்சு. ஒத்த வார்த்தை வரல. கேட்டா ஆமா, இல்ல. அதுவும் சில நாள் தலையசைப்புதான். என் பழைய சீனியம்மா வீடு வந்து சேந்துட்டான்னு எனக்கு நிம்மதின்னா நிம்மதி. இதைத் தெய்வேந்திரன் வந்து ஒரு தடவை பாத்திருந்தா அவனுக்கே விளங்கியிருக்கும்.

வலி இருந்துச்சான்னு கேக்குறீங்க. இருந்தாச் சொல்லியிருப்பாள்ல? பக்கத்துல துண்டு ஒண்ணு வச்சிருப்பா, அதைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா, அது ஒரு பழக்கம். திரும்பிப் படுக்கமாட்டா. கட்டிலை விட்டு எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கமாட்டா, இருமல் வந்தாக்கூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடக்குவா. தலையணை எப்பப் பாத்தாலும் நனைஞ்சிருக்கும், வெயில் அப்படி. காத்தாடியை அவ பக்கமே திருப்பி வச்சேன். நான் வெக்கையில கெடந்தேன். மூஞ்சியப் பாத்தேன், வலிக்கிற மூஞ்சியா தெரியல. மூஞ்சியில ஒண்ணுமே தெரியல.

அப்புறம் சளி கட்டிக் காய்ச்சல் வந்துருச்சு. ஈஸ்வரி ஓடி வந்தா. அம்மா கிட்டக் குனிஞ்சு ஏதோ கேட்டா, அவ ஏதோ சொன்னா, எனக்குக் கேக்கல. ஈஸ்வரி நேரா சாமி அலமாரிக்குப் போயி, திருநீத்துத் தட்டுக்குப் பின்னால நான் பத்திரமா வச்சிருந்த வலி மாத்திரை அட்டையை எல்லாம் எடுத்துத் தரையில போட்டா. ஒண்ணு கூடப் பிரிக்கல, அப்படியே இருந்துச்சு. "அப்பா, வயித்தைக் கிழிச்சுத் தைச்சவங்களுக்கு இதையாப்பா நிறுத்துவீங்க"ன்னு கேட்டா. அம்மா நல்லாத்தானே இருக்கா, ஒரு சத்தம் போட்டாளா கேளுன்னேன். பெத்த மக என்னைப் பாத்த பார்வை எதிரிக்குக் கூடக் கெடைக்கக் கூடாது. அன்னைக்கே வண்டி வச்சுத் தாயைக் கூட்டிட்டுத் திண்டுக்கல் வந்துட்டா. சீனியம்மா வண்டியில ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்ல.

அப்புறம் நான் தனியாத்தான். சோறு குழையுது, இல்ல வேகல. வீட்ல பேச்சுச் சத்தம் இல்ல. அவ இருந்தப்பவும் பேச்சுச் சத்தம் இல்லதான். ஆனா அது வேற மாதிரி இருக்கும் தம்பி, யாரோ இருக்காங்கங்கிற மாதிரி. எனக்கு அவ வேணும். அதை யாருட்டப் போயிச் சொல்ல?

இப்ப வர்ற வாரம் கார்த்திகை. கட்டுநிறை தெய்வேந்திரன் வீட்லன்னு முடிவு பண்ணிட்டாங்களாம், என்னைக் கேக்காமலே. கன்னிசாமி ஒருத்தன் கூட மாலை எடுத்துக்கிட்டு என் வாசலுக்கு வரல.

முந்தாநாள் ஈஸ்வரி போன் பண்ணுனா. வியாதி திரும்பிருச்சாம், ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருச்சாம். இனிமே வலி தெரியாமப் பாத்துக்கிறதுதான் வைத்தியம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். மார்ஃபின் மாத்திரை வேளாவேளைக்குக் குடுக்குறாளாம். "அம்மா இப்ப நல்லாத் தூங்குறாங்கப்பா. பேத்தியோட தாயம் ஆடுறாங்க. நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்காங்க. பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போங்க"ன்னா.

எனக்குச் சந்தோசம்தான், இல்லங்கல. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளான்னேன். ஈஸ்வரி சொல்லமாட்டேன்னா. வற்புறுத்திக் கேட்டேன். சொன்னா. "முதல் நாளே அது சுண்ணாம்பு மாத்திரைன்னு எனக்குத் தெரியும். எத்தனை நாளைக்குக் குடுப்பாருன்னு பாக்கத்தான் முழுங்குனேன்." இப்படிச் சொன்னாளாம்.

நீங்களே சொல்லுங்க. நாப்பது வருசம் எதுத்துப் பேசாதவ, தன் நினைவோட இப்படி ஒரு வார்த்தை சொல்லுவாளா? மருந்து எந்த அளவுக்கு மண்டையில ஏறியிருந்தா இது வரும்?

சரி, நான் கேக்க வந்த விஷயம் இதுதான். வேளாவேளைக்குக் குடுக்குறதால மருந்து இறங்கவே வழியில்லாமப் போகுது. ஆனா ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவுல இறங்குற நேரம்னு ஒண்ணு இருக்கும்ல? அந்த நேரம் எதுன்னு எனக்குத் தெரியணும். அப்ப அவ பழைய சீனியம்மாவா இருப்பா. நான் போனைப் பிடிச்சுக்குவேன். "மயக்கத்துல உளறிட்டேன் தம்பி, அப்படியெல்லாம் நடக்கல"ன்னு தெய்வேந்திரனுக்கு ஒரே ஒரு வார்த்தை. அது போதும், கார்த்திகைக்குள்ள எல்லாம் சரியாகிரும். வீடியோ எடுக்க எதை அமுக்கணும்னும் காட்டிட்டுப் போங்க, எனக்குப் பிடிபடமாட்டேங்குது.

ஒரு வேளை தள்ளிப்போனாப் போதுமா, இல்ல ரெண்டு வேளை வேணுமா? ஈஸ்வரி பள்ளிக்கூடம் போன பிறகு வீட்ல ஒரு வேலைக்காரம்மா மட்டும்தான். நான் குடுக்குறேன்னு வாங்கிக்கிட்டா அது ஒண்ணும் சொல்லாது. இந்தா, சட்டைப்பையிலயே வச்சிருக்கேன், பாருங்க. சுண்ணாம்புச் சத்துதான், ஒடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல.

மக நம்பரா? எதுக்கு? ஓ, நீங்களே எடுத்துச் சொல்றீங்களா. சொல்லுங்க, சொல்லுங்க, மருந்துக்கடைக்காரரு சொன்னாக் கேப்பா. சங்கரேஸ்வரின்னு முழுப்பேரு. இந்தா போனு, அதுலயே இருக்கு, எடுத்துக்குங்க. அவ இப்ப வீட்லதான் இருப்பா.

ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? இங்க உக்காந்தே பேசலாமே. திண்டுக்கல் இன்னும் வரலியே. படிக்கட்டுப் பக்கம் போயி நின்னா அவளுக்கு ஒண்ணும் கேக்காது, காத்து இரையும்.

என்ன சொல்றா? என்னையவே பாத்துக்கிட்டுப் பேசுறீங்க. நேரத்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி.